பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி உங்கள் உடம்பு: வயதாகும் பெற்றோருக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

பிள்ளைக்கு எந்த மாதம் எந்தத் தடுப்பூசி போட்டோம் என்பது பல பெற்றோருக்கு இன்னும் நினைவில் இருக்கும். தன் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது அளந்தோம் என்று கேட்டால் யோசிப்பார்கள். வீட்டில் எல்லோருடைய உடம்பையும் இருபது முப்பது ஆண்டுகள் கவனித்தவர்கள், தம் உடம்பை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிடுகிறார்கள். அப்படித் தள்ளி வைத்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வயது ஐம்பதோ எழுபதோ, இதுவரை உடற்பயிற்சி என்று எதையும் செய்யாதவராக இருந்தாலும், இன்றே தொடங்கலாம்.

வயதானவர்களின் ஆரோக்கியம் என்றதும் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று பரிசோதனைத் தாளிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது. அவை முக்கியம்தான், அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் முதலில் கவனிக்க வேண்டியவை கால்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா, படி ஏற முடிகிறதா, கால் இடறினால் சமாளித்து நிற்க முடிகிறதா? பிறர் துணையில்லாமல் குளித்து, உடுத்தி, வெளியே போய்வர முடியுமா என்பது இவற்றில்தான் இருக்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்லக் குறையத் தொடங்குகிறது. பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்பது பொதுவான கணக்கு; அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. வலி இருக்காது, வழக்கமான இரத்தப் பரிசோதனையிலும் தெரியாது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

இழந்த வலிமை திரும்புமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவுகள் 1990ல் வெளிவந்தன. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறில் முடிந்தது என்றால், அறுபதில் 'இனி என்ன இருக்கிறது' என்று சொல்வதற்கு நியாயமே இல்லை.

முதல் நாள்: அளந்து பாருங்கள்

எடைக் கருவியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசை நாற்காலிகள் பெரும்பாலும் அந்த உயரத்தை ஒட்டியே இருக்கும். நடுவில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் நன்றாகப் பதித்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 வினாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று திரும்ப உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். கடிகாரத்தை வேறொருவர் பார்ப்பது நல்லது. கையை ஊன்றினால்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். அதையும் மறைக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையங்களின் அளவுகோலின்படி, 60 முதல் 64 வயது வரை ஆண்கள் 14 முறைக்கும் பெண்கள் 12 முறைக்கும் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழே. 65 முதல் 69 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 70 முதல் 74 வரை 12, 10. 75 முதல் 79 வரை 11, 10. இந்த எண்ணுக்குக் கீழே இருப்பவர்கள் தடுமாறி விழும் வாய்ப்பு அதிகம். ஐம்பதுகளில் இருப்பவர்கள் 60 வயதுக்காரர்களின் எண்ணை எளிதாகத் தாண்ட வேண்டும்.

அடுத்தது சமநிலை. ஒரு மேசையின் பக்கத்தில், தேவைப்பட்டால் உடனே பிடித்துக்கொள்ளும்படி நில்லுங்கள். பாதங்களைச் சேர்த்து வைத்து 10 வினாடி. பிறகு ஒரு பாதத்தைப் பாதியளவு முன்னே நகர்த்தி 10 வினாடி. பிறகு ஒரு பாதத்தின் குதிகால் மற்ற பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து 10 வினாடி. கடைசியாக ஒற்றைக் காலில் 10 வினாடி. மூன்றாவது நிலையிலேயே 10 வினாடி நிற்க முடியவில்லை என்றால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சோதிக்கும்போது அருகில் ஒருவர் இருக்கட்டும்.

இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ வலியோ வருகிறவர்கள், சிறு வேலைக்கே மூச்சு வாங்குகிறவர்கள், அடிக்கடி தலைசுற்றல் உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்போ அறுவைச் சிகிச்சையோ ஆனவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் இந்தச் சோதனைகளையும் கீழே சொல்லும் பயிற்சிகளையும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள்: வலிமைப் பயிற்சி

'நான் தினமும் நடக்கிறேனே, அது போதாதா?' பெற்றோர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. போதாது. நடை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. குறையும் தசையை மீட்க அது மட்டும் உதவாது. தசைக்குப் பழக்கமில்லாத அளவு பாரம் கொடுத்தால்தான் அது வளரும். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பெரிய தசைகள் அனைத்துக்கும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் வலிமைப் பயிற்சி வேண்டும் என்கின்றன. 65ஐக் கடந்தவர்கள் இதோடு சமநிலைப் பயிற்சியும் சேர்த்து வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. அளந்து பார்த்த அதே நாற்காலியே பயிற்சிக் கருவி. எட்டு முதல் பன்னிரண்டு முறை எழுந்து உட்காருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று வரை மனதுக்குள் எண்ணி மெதுவாக இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் பலன் இருக்கிறது. இரண்டு நிமிடம் ஓய்வு, பிறகு இன்னொரு சுற்று. கையூன்றாமல் எழ முடியாதவர்கள் இருக்கையின் மேல் கெட்டியான மெத்தைத் திண்டு ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சில வாரங்களில் திண்டை எடுத்துவிடலாம்.

அடுத்து, சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கைகளை மடக்கி உடம்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். தோளுக்கும் மார்புக்கும் கைக்கும் இது ஒன்றே போதும். பிறகு மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் நின்று இறங்குங்கள். கைப்பிடி உள்ள படியின் முதல் படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குங்கள். கால் மாற்றிச் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் பையில் போட்டு, முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து தூக்கி இறக்குங்கள். பேரக்குழந்தையைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்கிறது என்பவர்களுக்குத் தேவையான பயிற்சி இது: இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, பாரத்தை உடம்போடு ஒட்டி வைத்து, கால் பலத்தால் எழுவது.

எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்? கடைசி இரண்டு முறை உண்மையிலேயே சிரமப்பட்டுச் செய்வதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு முறை பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் பாரத்தைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வயதானவர்கள் என்பதற்காக மிக இலேசான பயிற்சியிலேயே ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து. பாஸ்டன் முதியவர்கள் இலேசான எடையைத் தூக்கவில்லை; தம்மால் ஒருமுறை தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை படிப்படியாகப் போனார்கள்.

மூச்சை அடக்காதீர்கள். எழும்போதும் தூக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் வரும் மந்தமான வலி இயல்பானது. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலியோ வீக்கமோ வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்தி, ஏன் என்று கேட்டறியுங்கள். மூட்டுத் தேய்மானம் இருப்பதால் பயிற்சி கூடாது என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் முழங்கால் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சைகளில் ஒன்று பயிற்சி. தொடையின் முன்தசை வலுத்தால் மூட்டுவலி குறைய வாய்ப்பு உண்டு. தொடங்கும்போது ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் சில முறை போய்வந்தால் அச்சம் நீங்கும்.

சமநிலைக்கு, அளவெடுத்த அந்த நான்கு நிலைகளையே பயிற்சியாக்குங்கள். குதிகாலும் விரல்நுனியும் தொடும்படி அடிவைத்துப் பத்தடி நடப்பது, மேசையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். கை எப்போதும் எட்டும் தூரத்தில் பிடிமானம் இருக்கட்டும். வீரம் காட்டும் இடம் இதுவல்ல.

தரையிலிருந்து எழுவது

எல்லோரும் விட்டுவிடும் பயிற்சி இது. விழுவதை முற்றிலும் தடுக்க யாராலும் முடியாது. அடி பெரிதாகப் படாவிட்டாலும், எழ முடியாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பது தனியாக வேறு ஆபத்துகளைக் கொண்டுவருகிறது: உடல் வெப்பம் குறைதல், நீரிழப்பு, அழுத்தப் புண், தசை நசிந்து சிறுநீரகம் பாதிக்கப்படுதல். பிள்ளைகள் வேறு ஊரில் இருக்க, தனியாகவோ இருவர் மட்டுமாகவோ வாழ்கிறவர்களுக்கு இந்தத் திறன் உயிர்காக்கும்.

மெத்தையோ கனத்த போர்வையோ விரித்து, பக்கத்தில் உறுதியான நாற்காலி போட்டு, ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பழகுங்கள். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து முதலில் பக்கவாட்டில் புரளுங்கள். மேலே இருக்கும் கையைத் தரையில் ஊன்றி, கீழ் முழங்கையின் துணையோடு பாதி எழுந்து உட்காருங்கள். அங்கிருந்து கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வாருங்கள். நாற்காலிவரை தவழ்ந்து, இரண்டு கைகளையும் இருக்கையின் மேல் வையுங்கள். வலுவான காலின் பாதத்தை முன்னே தரையில் பதியுங்கள். கைகளாலும் அந்தக் காலாலும் ஒருசேர அழுத்தி எழுந்து, உடம்பைத் திருப்பி நாற்காலியில் உட்காருங்கள். உடனே நிற்க வேண்டாம்; ஓரிரு நிமிடம் அப்படியே இருங்கள்.

உண்மையிலேயே விழுந்துவிட்டால் முதல் வேலை எழுவதல்ல, அசையாமல் கிடந்து பார்ப்பது. இடுப்பிலோ கழுத்திலோ கடும் வலி இருந்தாலும், ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தாலும் எழ முயலக் கூடாது. உதவிக்குக் கூப்பிட வேண்டும். அதற்காகத்தான் தொலைபேசி குளியலறைக்குப் போகும்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறேன். விழுவதால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 60ஐக் கடந்தவர்களே அதிகம்.

நடை

சீக்கிரம் சொல்லி முடிக்கலாம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அதுதான் மிதமான வேகம். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். நாளுக்கு 10,000 அடி என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களை ஆராய்ந்து 2019ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் பெரிதாகக் கூடவில்லை. இப்போது நடப்பதைவிட ஆயிரம் அடி கூட்டுங்கள், அது பழகியதும் அடுத்த ஆயிரம்.

தட்டில் என்ன இருக்கிறது

பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனதும் பல வீடுகளில் சமையல் சுருங்கிவிடுகிறது. 'எனக்காக மட்டும் என்ன செய்வது' என்று ஒரு வேளையை ரொட்டியோடும் இன்னொரு வேளையைத் தேநீரோடும் முடித்துக்கொள்கிறார்கள். வயிறு நிறைகிறது, தசைக்கு வேண்டிய புரதம் போய்ச் சேர்வதில்லை. வயதாக ஆக அதே அளவு தசையைக் காக்க இளைஞர்களைவிடக் கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது முதியோருக்கு நிபுணர்கள் சொல்லும் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு கோப்பைப் பாலில் 8 கிராம், ஒரு கோப்பை வேகவைத்த பயறு வகையில் 15 கிராமுக்கு மேல் என்று தோராயமாகக் கணக்கிட்டால் உங்கள் தட்டு எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இரவிலேயே சாப்பிடாமல் மூன்று வேளைக்கும் பகிர்ந்துகொள்ளுங்கள். காலை உணவில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தாகம் எடுக்கும் உணர்வும் வயதோடு மங்குகிறது. எனவே தாகத்துக்குக் காத்திராமல் உணவோடும் மாத்திரையோடும் தண்ணீர் குடிப்பதை வழக்கமாக்குங்கள். இதயச் செயலிழப்புக்காகத் தண்ணீரைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

முயலாமலேயே எடை குறைந்தால் மகிழாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் தானாகக் குறைந்தால் காரணம் கண்டறிய வேண்டும்.

காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ வந்து படுக்கும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள். உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007ல் வெளியானது; கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. ஆகவே மருத்துவர் அனுமதித்த முதல் நாளே எழுந்து உட்காருங்கள், உணவைக் கட்டிலில் அல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து உண்ணுங்கள், அறைக்குள்ளேயே நடங்கள். 'அம்மா, நீங்கள் அசையாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பிள்ளைகள் அன்போடு தடுப்பார்கள். அந்த அன்பை ஏற்றுக்கொண்டே எழுந்து நடங்கள்.

மருத்துவரிடம் ஒரு முழு சந்திப்பு

ஏதாவது நோய் வந்து போவது வேறு. ஒன்றுமில்லாதபோது உடம்பை முழுதாகப் பார்க்கப் போவது வேறு. இரண்டாவதற்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரம் கேட்டு வாங்குங்கள். போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்: மருத்துவர் எழுதியவை, கடையில் தானாக வாங்கியவை, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, கண் சொட்டு மருந்து எல்லாம். 'இவற்றில் எதை இனி நிறுத்தலாம்?' என்று நேரடியாகக் கேளுங்கள். ஐந்துக்கு மேல் மருந்து உண்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் ஒரு மருந்தின் பக்கவிளைவை இன்னொரு நோயென்று கருதி அதற்கும் ஒரு மருந்து சேர்வது அடிக்கடி நடக்கிறது. தூக்க மாத்திரைகளும், உறக்கம் தரும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளும் முதியவர்களுக்குத் தடுமாற்றத்தையும் மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உண்டால் சிறுநீரகமும் வயிறும் பாதிக்கப்படும், இரத்த அழுத்தமும் ஏறும். ஆனால் எதையும் நீங்களாகவே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

இரத்த அழுத்தத்தைச் சரியாக அளக்க, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால்கள் குறுக்கே போடாமல் தரையில் பதிந்து, கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியும் புகையும் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் உட்காரக் கூடாது. எழும்போது தலை கிறுகிறுக்கிறது என்றால், நின்ற நிலையிலும் அளக்கச் சொல்லுங்கள். எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், விழுவதற்கு அது ஒரு காரணமாகலாம். பெரும்பாலும் மருந்தின் அளவை மாற்றியே சரிசெய்யலாம்.

சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு, இரத்த அணுக்கள் ஆகியவற்றோடு, நீண்ட காலமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையை உண்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பெருங்குடல், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றின் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் உங்கள் வயதில் என்ன விதி என்று கேளுங்கள். இன்ஃப்ளூயன்சா, நிமோனியா, அக்கி, டெட்டனஸ் தடுப்பூசிகளையும் மறக்க வேண்டாம். தடுப்பூசி என்பது பிள்ளைகளோடு முடிந்துபோன விஷயம் அல்ல.

கண்ணும் காதும் பல்லும் பாதமும் தனித்தனியாகக் கவனம் கேட்பவை. கண் அழுத்த நோய் அறிகுறியே இல்லாமல் பார்வையைத் தின்னும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் போடும் கண்ணாடியோடு படி இறங்கினால் படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும், நிதானமாக இறங்குங்கள். காது மந்தமானால் கருவி போடக் கூச்சப்படுகிறவர்களிடம் நான் மன்றாடவே செய்வேன். நடுவயதில் கேட்கும் திறன் குறைவதை மறதி நோய்க்கான தடுக்கக்கூடிய காரணங்களுள் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆய்வுக் குழு 2020லும் 2024லும் குறிப்பிட்டிருக்கிறது. பேத்தி பேசுவது காதில் விழாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பதைவிடக் கருவி ஆயிரம் மடங்கு மேல்.

வெளியே சொல்லத் தயங்கும் இன்னொரு விஷயம் சிறுநீர்க் கசிவு. இருமும்போதும் தும்மும்போதும் கசிகிறது என்பதற்காக நடையையும் வெளிப்பயணத்தையும் நிறுத்திவிடும் தாய்மார்கள் ஏராளம். பிரசவத்தால் தளர்ந்த இடுப்புத்தளத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம். சிறுநீரை நிறுத்துவதைப்போல அந்தத் தசைகளை இறுக்கிச் சில வினாடி வைத்திருந்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போதே இதைச் செய்து பார்க்காதீர்கள். பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். ஆண்களுக்கு இரவில் பலமுறை எழ வேண்டியிருந்தால் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும்.

வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள்

படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவில் வெளிச்சம் இருக்கிறதா? மடங்கி எழும் தரைவிரிப்பு, நடைவழியில் கிடக்கும் மின்கம்பி, ஈரமான குளியலறைத் தரை, கைப்பிடி இல்லாத படி, பின்பக்கம் பிடிப்பில்லாத தேய்ந்த செருப்பு ஆகியவற்றை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். கழிவறையில் கைப்பிடி பொருத்துவது முதுமையை ஒப்புக்கொள்வதாகச் சிலர் கருதுகிறார்கள். எலும்பு முறியும் முன்பே அதைப் பொருத்துங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

'இராத்திரியில் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.' பெற்றோர்களின் இந்தப் பழக்கம் உயிரைப் பறிக்கும். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்ந்து விழுதல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாரடைப்பு எப்போதும் நெஞ்சுவலியாக வராது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் திடீர் மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, குமட்டல், காரணமில்லாத களைப்பு என்று வரலாம். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் அது முதுமை அல்ல. சிறுநீர்த் தொற்றோ வேறு நோயோ மருந்தோ காரணமாக இருக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர் தலையில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு தாள்

உங்கள் உடம்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். கவலைப்படுவார்கள் என்று மறைத்தால், நெருக்கடி வரும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கே அவர்களிடம் பதில் இருக்காது. ஒரு தாளில் எழுதுங்கள்: உங்களுக்கு உள்ள நோய்கள், ஆன அறுவைச் சிகிச்சைகள், உண்ணும் மருந்துகளின் பெயரும் அளவும் நேரமும், ஒவ்வாத மருந்துகள், உங்களைப் பார்க்கும் மருத்துவரின் தொலைபேசி எண், காப்பீட்டு விவரம். ஓராண்டுக்குள் விழுந்திருந்தால் எப்போது, எங்கே, எப்படி என்பதையும் சேருங்கள். ஒரு பிரதி பிள்ளையிடமும் இன்னொன்று உங்கள் பையிலும் இருக்கட்டும். மருந்து மாறும் ஒவ்வொரு முறையும் தேதியிட்டுப் புதிதாக எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து நாற்காலிச் சோதனையைத் திரும்பச் செய்யும்போது அந்த எண்ணையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.